காய்ந்த சுவர்

பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடைக்கு அடியில்
பதினோரு படி இறங்கினால் கிடங்கு.
மூன்று குளிர்பெட்டி வரப்போகிறது,
இனி மல்லிகை வாடாது என்கிறார் தவுக்கே கமலநாதன்.
மேலேயிருந்து ஒரு கேபிள் இழுத்து
கீழே ஒரு துணை மின்பெட்டி.
"கண்ணுல படாத இடமாப் பார்த்து மாட்டிடும்மா."

கண்ணில் படாத இடம் என்று
மின்சாரத்துக்கு எதுவும் கிடையாது.

படிக்கட்டுக்கு அடியில் என்றார்.
அங்கே பற்றினால்
ஏறிப்போகும் வழிதான் முதலில் எரியும்.
வாளி கழுவும் தொட்டிக்கு மேலே என்றார்.
நான் பதில் சொல்லாமல் தொட்டியைப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.
"சரி சரி, அது வேண்டாம்லா."

வடக்குச் சுவரில் புறங்கையை வைத்தேன்.
சில்லென்றது.
சுரண்டினால் பூச்சு மாவாய் உதிர்ந்தது.
வாங்க ஆளில்லாமல் இந்தக் கடையில் பூத்திருப்பது
இந்தச் சுவரின் உப்பு ஒன்றுதான்.

கிழக்கில் மேல்மாடிக் கழிவுக்குழாய்
மூட்டுக்கு மூட்டு வியர்த்துக்கொண்டிருந்தது.
தெற்கில் ஏதோ ஒரு வருஷத்து வெள்ளம்
கணுக்காலுக்குச் சற்று மேலே
கோடு கிழித்துவிட்டுப் போயிருந்தது,
பென்சிலும் மட்டப்பலகையும் இல்லாமல்
நான் கிழிப்பதைவிட நேராக.

மிச்சம் மேற்கு.
விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு
மேலேயிருந்து கண்ணை மூடி இறங்கிப் பார்த்தேன்.
பதினொன்று எண்ணி முடித்ததும்
வலக்கை தானாகப் போய் நின்ற இடத்தில்
ஒரு சட்டை.

விளக்கு வந்தது.
ஆணியில் சட்டை, கீழே மடக்குக் கட்டில்,
மிலோ டின்னில் பல்துலக்கி,
ஒரே நீட்டு வயரில் குட்டிக் காற்றாடியும் கைப்பேசியும்.

மாலை கட்டுகிற ராக்கப்பன். சிவகங்கைப் பக்கம்.
இரண்டு வருஷமாய் இங்கேதான் படுக்கை.
"தண்ணி வந்த அன்னைக்கு
இங்கிட்டு மட்டுந்தான்க்கா நனையல.
தரை ஒரு சாண் ஒசரம். பாத்தா தெரியாது."

பார்த்தேன், தெரியவில்லை.
மட்டம் பிடித்தேன், சரியாகச் சொல்லியிருந்தான்.
என் லைசென்சும் பதினான்கு வருஷமும்
ஒரு மணி நேரம் தேடிக் கண்டதை
இவன் முதுகு முதல் வாரத்திலேயே கண்டிருக்கிறது.

பெட்டிக்கு முன்னால் ஒரு மீட்டர்
காலியாக இருக்க வேண்டும்.
கூடை கூடாது, வாளி கூடாது, அட்டைப்பெட்டி கூடாது.
ஆள் படுக்கலாமா என்று
என் கைப்புத்தகத்தில் இல்லை.
எழுதியவருக்குத் தோன்றியிருக்காது.

மேலேயே மாட்டலாமே, கல்லாவுக்குப் பின்னால்,
எட்டு மீட்டர் கேபிள்தான் கூட ஆகும் என்றேன்.
தவுக்கே எட்டை ரிங்கிட்டால் பெருக்கினார்.
"அங்க முருகன் இருக்காரும்மா."

நான் அடுத்ததைச் சொல்வதற்குள்
ராக்கப்பன் சட்டையை எடுத்துவிட்டான்.
ஆணியையும் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தான்.
"ஓட்டை ஒண்ணு ரெடியாவே இருக்குக்கா."

ஐந்து மணிக்குள் வேலை முடிந்தது.
கண் மட்டத்தில் பெட்டி, தரையில் மஞ்சள் டேப்.
கட்டில் உப்புச் சுவரோரம் போயிற்று.
அதன் பக்கத்துத் தூணில், இடுப்பு உயரத்தில்,
மூடி போட்ட ஒரு பிளக் பாயின்ட் வைத்தேன்.
தனி சுவிட்ச். பில்லில் எழுதவில்லை.
பரிகாரம் ஒன்றும் இல்லை அது,
அறுபது ரிங்கிட் சாமான்.
குளிர் ஒன்று, குளிர் இரண்டு, குளிர் மூன்று, விளக்கு
என்று பெயர் ஒட்டிக்கொண்டே வந்தவள்
கடைசிச் சுவிட்சில் அவன் பெயரை எழுதினேன்.

கிளம்பும்போது கேட்டான்:
"செருப்ப மட்டும் கோட்டுக்குள்ள விட்டுக்கவாக்கா?
அங்கிட்டு ஈரம்."

கூடாது என்றேன்.
இருட்டில் ஓடி வருகிறவன் காலைத் தடுக்கும்.
ஓடி வரப்போகிறவன் யார் என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.

செருப்பை எடுத்தான்.
கோட்டுக்கு வெளியே,
டேப்பைத் தொட்டும் தொடாமலும்
நேராக வைத்தான்.