பழுதில்லை

மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஆகஸ்டில்
உங்கள் அறிக்கையின் அடியில்
'பழுதில்லை' என்று எழுதியவன் நான்தான்,
எர்மிந்தா குவாகின்சாய்.
மணி பன்னிரண்டரை. எனக்குப் பசி.
வெளியே சோண்டா காற்று
மெந்தோசாவின் புழுதியை எல்லாம் வாரி
ஜன்னலில் அறைந்துகொண்டிருந்தது.

திரையில் உங்கள் மூன்று தமனிகளும்
மை ஊற்றியதுபோல் நிறைந்து ஓடின.
அழகு என்றுகூடச் சொன்னேன்.
முப்பது வயதுக்காரியின் ரத்தக்குழாய்,
வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்.
சட்டைப் பித்தானைப் போட்டபடி கேட்டீர்கள்:
அப்படியென்றால் வலிப்பது எது?

மனம், என்றேன்.
அந்த வயது, என்றேன்.
தூக்க மாத்திரை எழுதினேன்.
உங்கள் கணவர் தலையாட்டினார்,
என்னைப் பார்த்து அல்ல, கதவைப் பார்த்து.

என்ன வேலை செய்கிறீர்கள் என்று அன்று கேட்கவில்லை.
இரண்டாம் முறை நீங்கள் வந்தபோதுதான் தெரிந்தது:
லவாஜேயில் வாய்க்கால் காவல்.
இடுப்பில் பதினேழு மதகுச் சாவிகள்.
இன்னாருக்கு இத்தனை மணி நேரம் என்று
திராட்சைத் தோட்டம் தோட்டமாக
மொபெட்டில் போய்த் திறந்து மூடுகிறவர்.

கோபமே இல்லாமல் சொன்னீர்கள்.
நகரத்திலிருந்து பொறியாளர்கள் வருவார்கள்,
பாலத்தில் நின்று ஆற்றைப் படமெடுப்பார்கள்.
மலையில் பனி உருகிய மாதம், ஆறு நிறைந்திருக்கும்,
படம் நன்றாக வரும்.
கடைமடையில் என் அண்ணனின் கொடிகள்
விறகாகி நிற்கும்.
டாக்டர், நீங்கள் நின்றது எந்தப் பாலம்?

அரை மில்லிமீட்டருக்குக் கீழே
என் கேமராவுக்குக் கண் கிடையாது.
இதயத்தின் குழாய்களில் முக்கால்வாசிக்கும் மேல்
அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கின்றன.
இது பாடத்தில் வந்தது.
எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

இன்று மறுபடி அதே மேசை.
மணிக்கட்டில், பழைய தழும்புக்குப் பக்கத்தில், ஊசி.
தலைமுடி போல ஒரு கம்பி, நுனியில் உணர்வி.
குழாய்களைத் திறக்கும் மருந்தைச் செலுத்தினால்
ஓட்டம் மூன்று மடங்காக வேண்டும்.
ஒன்றரையில் நின்றுவிட்டது.
பிறகு அடுத்த மருந்து, சொட்டுக் கணக்கில்.
நல்ல நுண்குழாய்கள் இதற்கு நெகிழும்.
உங்களுடையவை முஷ்டி மடக்கின.
திரையில் அப்போதும் மூன்று தமனிகளும்
வெட்கமில்லாமல் அழகாகவே இருந்தன.
ஈசிஜி கோடுதான் சரிந்தது.

இதுவா? என்றேன்.
நர்ஸ் பெலிந்தாவின் விரல்களை நெரித்தபடி
இதேதான், என்றீர்கள்.
மதகு திருகும்போது வருவது இது.
படுத்தபின் வருவது இது.
அன்று உங்கள் அறையிலும்
இது என்னோடுதான் உட்கார்ந்திருந்தது.

மாற்று மருந்து கொடுத்து நிறுத்தினோம்.
வலி இறங்கியதும் சிரித்தீர்கள்.
எனக்குச் சிரிக்க வரவில்லை.

ஸ்டென்ட் வைக்க இடமில்லை, அறுக்கவும் எதுவுமில்லை.
மூன்று மாத்திரைகள். ஒன்று காலை வீங்கவைக்கும்.
சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை,
நீங்களும் கேட்கவில்லை.
கேட்டது ஒரே ஒரு காகிதம்,
நோயின் பெயர் பெரிய எழுத்தில்.
கணவருக்கா? என்றேன்.
நீர் வாரியத்துக்கு.
'நரம்புக் கோளாறு' என்று போட்டு
நாற்பத்தொரு நாள் சம்பளத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

எழுதிக் கொடுத்தேன்.
முத்திரையை இரண்டு தடவை குத்தினேன்.

எல்லோரும் போனபின் அலமாரியைத் திறந்தேன்.
பெண்கள், நெஞ்சுவலி, பழுதில்லை.
என் கையெழுத்து எத்தனை உறுதியாக இருக்கிறது.
மேலே இருந்த கோப்பிலிருந்து தொடங்கினேன்.
முதல் எண் இப்போது உபயோகத்தில் இல்லை.
இரண்டாவதை ஒரு மகன் எடுத்தான்.

அம்மாவையா? என்றான்.

அதன்பின் கொஞ்ச நேரம்
லைனில் காற்று மட்டும்.