வந்தது ஒன்று, போனது இல்லை

பதிவேட்டில் நான்கு கட்டம்:
தேதி, வந்த விமானம், போன விமானம், குறிப்பு.
பதினொரு வருடமாய் நடுக்கட்டங்களில்
இல்லை, இல்லை என்று எழுதி
என் லகரத்தின் சுழி தேய்ந்துவிட்டது.
குறிப்புக் கட்டம்தான் எனக்குப் போதாது.

கள்ளிக்குடிக்குக் கிழக்கே
கருவேலேந்தல் விமான தளம்.
பலகையில் 'வி' உதிர்ந்து
மான தளம் என்று நிற்கிறது.
ஜப்பான்காரன் வருகிறானென்று
யுத்தத்தில் போட்டது.
கண்மாய்க் கரையை வெட்டித்தான் மண்ணெடுத்தார்கள்.
கூலித்தாள் இன்னும் இரும்புப் பெட்டியில்:
பெண்ணாளுக்கு மூன்றணா,
கூடைக்குக் கழிவு காலணா.
ஜப்பான்காரன் வரவில்லை.
கண்மாய்த் தண்ணீர் வருகிறது,
ஐப்பசிக்கு ஐப்பசி
தன் பழைய மடையைத் தேடி
அறுநூறாவது மீட்டரில் முழங்காலளவு நின்று
கேட்டுவிட்டுப் போகிறது.

தையில் நெல் காயும்.
போலீஸ் தேர்வுக்கு ஓடும் பையன்களுக்கு
விடிகாலை நாலே முக்காலுக்கு விசிலடிப்பது
என் வேலையில் சேராது. அடிக்கிறேன்.
காரியாபட்டி டிரைவிங் ஸ்கூல் கார்
ரிவர்ஸில் வந்து காற்றுப்பைக் கம்பத்தை இடித்தது
ஒரு வெள்ளிக்கிழமை.
தேர்தலுக்கு ஹெலிகாப்டர் இறங்கியது.
அது விமானமா என்று மதுரை ஆபீசுக்குப் போன் போட்டேன்.
'யோசிச்சுச் சொல்றோம்' என்றார்கள்.
யோசிக்கிறார்கள்.

சித்திரை பதினாறு, பகல் இரண்டு மணி.
தளம் முழுக்க மிளகாய்.
தெற்கே வானத்தில் ஏதோ இருமியது,
இருமி நின்றது.
அந்த நிற்றல்தான் வயிற்றைக் கலக்கியது.
'படுதாவ உருவுங்கடீ' என்று நான் கத்தியது
எந்தக் கட்டத்திலும் இல்லை.
முப்பது பெண்கள்
நுனிக்கு நுனி பிடித்து இழுத்து ஓடினோம்.
சவுடம்மாள் மட்டும் தன் படுதாவின் மேல் நின்றாள்,
கிலோ இருநூறு விற்கிறதென்று.
பிறகு அவளும் ஓடினாள், படுதாவை விட்டுவிட்டு.

இரண்டே இருக்கை.
ஏறி உட்காராமல் தள்ளிவிட்ட சைக்கிள் மாதிரி
சத்தமில்லாமல் வந்து
சவுடம்மாள் மிளகாயில் ஏறி
தண்ணீர் நிற்கும் அதே இடத்தில் நின்றது.
கதவைத் திறந்த பிள்ளை
முதலில் தும்மினாள்.
நாங்களும் தும்மினோம்.
ஊர் தும்மி முடிக்கப் பத்து நிமிஷம்.

ஷெரின், நாகர்கோவில், பயிற்சி விமானி.
கை நடுங்கி, கையெழுத்தைக்
கட்டத்துக்கு வெளியே போட்டாள்.
மிளகாய்க்குப் பணம் தருகிறேன் என்றவளிடம்
'கழுத, உசுரோட நிக்கிறயே அது போதும்'
என்றாள் சவுடம்மாள்.
கொஞ்சம் கழித்து,
'அரைக் கிலோவுக்கு மட்டும் குடு.'

வந்த விமானம்: ஒன்று.
எழுதிவிட்டு இரண்டு தடவை வாசித்தேன்.

நாலாம் நாள் லாரி வந்தது.
இறக்கையைக் கழற்றிக் கயிறு போட்டு
திருமங்கலம் வழியாகக் கொண்டுபோனார்கள்.
வேகத்தடையில் வால் ஆடியது.
லாரிக்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.
போன விமானம்: இல்லை.

ஆடியில் தணிக்கைக்காரர் வந்தார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
'ஒண்ணு வந்திருக்கு, போகல.
அப்ப எங்கம்மா அது?' என்றார்.

அழைத்துப்போய்க் காட்டினேன்.
கோடைமழை ஒன்று பெய்திருந்தது.
சக்கரம் அழுத்திய விரிசல் நெடுக
சாண் உயரத்துக்கு மிளகாய்ச் செடிகள்.
குனிந்து ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தார்.
'இத குறிப்புல எழுதிருங்க' என்றார்.

இடமில்லை.