கைநாட்டு

லெம்பு சாலை என்றால் மாட்டுச் சாலை.
மலாய் தெரிந்த எனக்கு
அந்தப் பலகையைப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.
இந்த ஞாயிறு வரவில்லை.

ஐஸ் மேல் இலிஷ் மீன் அடுக்கிய கடைக்கு எதிரே
சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்திருந்தார்
மொக்லேசுர்.
நேரில் பார்ப்பது இதுவே முதல் தடவை.
ஆனால் அவருடைய பதினான்கு மாதங்களை
நான்தான் தட்டச்சு செய்தேன்.
அப்பா பெயர் தெரியும். ரத்த வகை தெரியும்.
பெயரில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்து
திருத்தாமல் விட்டதும் தெரியும்.

கூலி: நாளுக்குப் பதினெட்டு வெள்ளி.
பிடித்தம்: தங்குமிடம்.
பிடித்தம்: சாப்பாடு.
பிடித்தம்: இதர.
அந்த ‘இதர’ என்னவென்று
காக்கி புக்கிட், ஐந்தாம் மாடி, குளிர் அறையில்
யாரும் கேட்டதில்லை.
நானும்தான்.

மே பத்தொன்பது, துவாஸ்.
தகடு வெட்டும் இயந்திரம்
அவருடைய வலது கட்டைவிரலை எடுத்துக்கொண்டது.
கோப்பில் அதற்குப் பெயர் ‘சிறு காயம்’.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட்.
சம்பளம் கைக்குப் போய்ச் சேர்ந்ததாக
மூன்று ரசீது வேண்டும் என்றார் முதலாளி.
ஆளைக் கூப்பிடவா என்றேன்.
எதுக்கும்மா, ஒரு கைநாட்டுதானே, என்று
மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

கைநாட்டு. நல்ல சொல்தான்.
கொடிக்கம்பத்தை நாட்டுவதுபோல
கையை நாட்டுவது.
என் வலது கட்டைவிரலை ஊன்றினேன்,
மூன்று தடவை.
மூன்றாவது சற்று வழுக்கிவிட்டது.
அதுதான் அசலா இருக்கு என்றார்.

அன்றிரவு மகனுக்குச் சோறு பிசையும்போது
நகக்கண்ணில் நீலம்.
எலுமிச்சைத் தோலால் தேய்த்தேன்.
உடனே போய்விட்டது.
போகாமல் இருந்திருந்தால்
பயம் இவ்வளவு இருந்திருக்காது.

உட்காருங்க அக்கா, என்கிறார். தமிழில்.
எங்கே கற்றுக்கொண்டீர்கள்?
சைட்ல. ஃபோர்மேன் தமிழ் ஆளு.
முதல்ல திட்டு வந்துச்சு,
அப்புறம்தான் பேச்சு.

சட்டைப் பையிலிருந்து
பிளாஸ்டிக் உறையில் ஒரு தாள்.
ஸ்பெஷல் பாஸ்.
வேலை செய்யக் கூடாது.
வழக்கு முடியாமல் ஊருக்கும் போக முடியாது.
முத்திரை குத்தக் குத்த
தாளில் இடம் குறைந்துகொண்டே வருகிறது.
ஸ்பெஷல்னா நல்லதுன்னு நினைச்சேன் அக்கா.

அவரை அகதி என்று எந்தப் பட்டியலும் சொல்லாது.
முகவருக்கு நிலத்தை விற்றுக் கொடுத்து
விமானத்தில் சீட்டு வாங்கி வந்தவர்.
ஆனாலும் என் மொழியில் அந்தச் சொல்லைப் பிரித்தால்
கதி இல்லை என்று மட்டும்தான் இருக்கிறது.
எல்லைக்கோடு எதுவும் இல்லை அதற்குள்.

ஆபீசர் கேட்டாங்க,
இது உன் ரேகைதானேன்னு.
நான் கையைக் காட்டினேன்.

காட்டுகிறார் எனக்கும்.
நாலு விரல்.
ஐந்தாவது இருந்த இடத்தில்
தோலை இழுத்துத் தைத்த மடிப்பு.

கம்பெனி இப்போ சொல்லுது, அது இடது கைன்னு.
வியாழக்கிழமை பாப்பாங்களாம்.
பாக்கட்டும். என் கைதானே, எனக்குத் தெரியாதா?

பொருந்தாது.
பொருந்தாவிட்டால் அடுத்த கேள்வி
பின்னே யாருடையது என்பது.

என் கைப்பைக்குள்
இளஞ்சிவப்பு அடையாள அட்டை.
முன்பக்கம் என் முகம்.
பின்பக்கம், முகவரிக்குப் பக்கத்தில்,
முப்பது வயதில் அரசாங்கம் எடுத்துக்கொண்ட
என் வலது கட்டைவிரல்.
அதன் நடுச்சுழியை நான் ஒருநாளும்
கவனித்ததில்லை.

பெந்தமீர் ரோட்டில்
எந்த முகப்பில் வரிசை எண் எடுப்பது என்று கேட்கிறேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.
அக்காவுக்கும் சம்பளம் தரலையா?

பதில் வரவில்லை எனக்கு.

இலவசச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து
இடது கையால், சங்கடத்தோடு,
பாதி முட்டையை என் பக்கம் ஒதுக்குகிறார்.
ஏழு மணிக்கே வந்துடு அக்கா, லேட்டானா கூட்டம்.
பயப்படாதே, நான் பக்கத்திலே இருப்பேன்.

கார்டை மட்டும் மறந்துடாதே.