ஈரக் கை

ரோரூஸ். பிப்ரவரி, இரவு மூன்று மணி.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு.
தூர்கெயரின் பசு கன்று போட முடியாமல் தவிக்கிறது.
பாதி வழியில் என் மூச்சே பனியாகி
முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

பழைய வண்டியில் அதற்கொரு குமிழ் இருந்தது,
கியருக்கு மேலே, ஓரத்தில் கீறலோடு.
இதில் திரை.
விசிறிப் படம், அதனுள் ஒரு பக்கம்,
அந்தப் பக்கத்துக்குள் இன்னொரு பக்கம்.
உறை போட்ட விரலை
அது விரலென்றே ஒப்புவதில்லை.
பல்லால் கடித்துக் கழற்றித் தொட்டேன்.
கேட்டது:
புதிய பதிப்பை இப்போதே நிறுவலாமா?
தலை நிமிர்ந்தால்
சாலை நடுவே எல்க் மான்,
நகரும் உத்தேசமே இல்லாமல்.
நல்லவேளை,
பிரேக்கை இன்னும் காலடியில்தான் வைத்திருக்கிறார்கள்.

தொழுவத்தில் பல்பு மினுக்கிக்கொண்டிருந்தது.
இருந்தால் என்ன, அணைந்தால் என்ன,
தோள்வரை கை உள்ளே.
வெதுவெதுப்பு. வழுக்கல். ஒரு குளம்பு.
மடக்கிப் பார்த்தேன்,
இரண்டு மூட்டும் எதிரெதிராய் மடங்கின:
பின்னங்கால்.
நன்றாகத் தெரியட்டும் என்று
கண்ணை மூடிக்கொண்டேன்.

நாலரைக்குக் கன்று எழுந்தது, விழுந்தது,
மறுபடி எழுந்தது.
தூர்கெயர் காபி ஊற்றினான். ஒன்றும் பேசவில்லை.

வண்டிக்குள் மறுபடி உறைபனி.
கழுவியும் ஈரம் போகாத கையைத்
திரைமேல் வைத்தேன்.
அதற்கு என்னை அடையாளம் தெரியவில்லை.
ஓட்டுநர் உரிமத்தை எடுத்து
ஒரு முகத்தளவு சுரண்டினேன்.
அந்த ஓட்டை வழியாக
வீடு வந்து சேர்ந்தேன்.