அலை உயரம்: சுழி

கோர்மே துறையில் மீன் ஏலக் கணக்கு எழுதுகிற
பிராய்ஸ் லேமா
மூன்று மாதமாக இரவில் ஜாவாஸ்கிரிப்ட் படிக்கிறான்.
கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்
மூட மறந்த அடைப்புக்குறிகள்,
நடுவில் ஒரு கணவாய் மீன் படம், விலையோடு.

அவன் எழுதிய முதல் உருப்படியான வரி
ஒரு தூது.
ஃபெட்ச் என்று தொடங்கும்.
கடல் நிலவரம் தரும் பொது ஏபிஐக்குப் போ,
சாவி கேட்க மாட்டார்கள், காசு கேட்க மாட்டார்கள்,
கரைக்கு அப்பால் சங்கிலியில் மிதக்கிறதே மஞ்சள் மிதவை,
அதன் பேச்சை வாங்கி வா.

போன தூது உடனே திரும்புவதில்லை.
கையில் ஒரு பிராமிஸைத் திணித்துவிட்டுப் போகிறது:
இன்னும் காப்பாற்றப்படாத,
இன்னும் மீறப்படாத வாக்கு.
அவெய்ட் என்றால் காத்திரு.
காத்திருந்தான்.
காபி ஆறுவதற்குள் ஜேசன் வந்து இறங்கியது,
அடைப்புக்குள் அடைப்பாக.
வெங்காயம் மாதிரி உரித்துக்கொண்டே போனான்.
நிலையம், நேரம், காற்று,
அலை உயரம் 2.4.
நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான்.

பெர்சேபே பறிக்கும் பெண்கள்
அந்தப் பக்கத்தைக் கைப்பேசியின் முகப்பில் வைத்துக்கொண்டார்கள்.
பெர்சேபே,
பாறையின் அலை அறைகிற கன்னத்தில் மட்டும்
விரல் விரலாக, நகத்தோடு முளைக்கிற பிராணி.
ஓர் அலை போய் அடுத்தது வருவதற்குள்
கயிற்றில் இறங்கி, சுரண்டி, ஏறிவிட வேண்டும்.
ஏறாமல் போனவர்களைப் பற்றி
அந்த ஊரில் சாப்பாட்டு நேரத்தில் பேசுவதில்லை.

ஜனவரி. புதன். காலை ஐந்தே கால்.
பக்கம் சொன்னது:
அலை உயரம் 0.0 மீட்டர்.

சபேலா போசே அதைப் பார்த்தாள்,
தடதடக்கும் தன் ஜன்னலைப் பார்த்தாள்,
பல் தேய்க்கப் போனாள்.
ஆனால் இந்த வருஷம்தான் உரிமம் வாங்கிய அன்தியா
வண்டியைக் கிளப்பிவிட்டாள்.
ஏழு முறை அழைத்தும் எடுக்கவில்லை.
சபேலா வாயில் நுரையோடு ஓட்டிப் போய்ச் சேர்ந்தபோது
அன்தியா பாறை உச்சியில் நின்றிருந்தாள்,
முழங்கால்வரை ஈரம், கையில் பாதிக் கயிறு.
மீதி எங்கே என்று இவள் கேட்கவில்லை.
திரையில் இன்னும் சுழி.
கீழே இரண்டு பாறைகளுக்கு நடுவிலும்
சுழிதான்.

ஏழு மணிக்குப் பிராய்ஸ் விடையைத் திறந்து பார்த்தான்.
நிலை இருநூறு. எல்லாம் நலம் என்று பொருள்.
அலை உயரத்துக்கு நேரே மட்டும்
நல்.
தமிழில் எழுதினால் நல்லது என்று படித்துவிடும் கண்.
அது நல்லதும் இல்லை, சுழியும் இல்லை.
மிதவை கையை விரித்திருந்தது, அவ்வளவுதான்.
விரித்த கையை எண்ணாக மாற்றியவன் இவன்:
பக்கம் உடைந்து தொங்கினால் அசிங்கம் என்று
போன வாரம் சேர்த்த ஒரு சொல்.
எதைக் கொடுத்தாலும் அது எண்ணாக்கப் பார்க்கும்.
ஒன்றுமில்லாததைக் கொடுத்தால்
பூஜ்யம் என்று அடித்துச் சொல்லும்.

அன்று ஏலக் கணக்கில் இரண்டு இடத்தில் தப்பு.

இரவு ஒரு நிபந்தனை எழுதினான்.
விடை நல் என்றால்,
எண்ணைத் தொடாதே,
தெரியாது என்று அச்சிடு.
பெரிய எழுத்தில். சிவப்பு வேண்டாம்.
சங்கச் செயலாளர் கேட்டார்,
தெரியாது என்று சொல்ல ஒரு பக்கம் எதற்கு?
ஒன்பது நாள் அது தெரியாது என்றே சொன்னது.
ஒன்பது நாளும் அன்தியா அதைத் திறந்து பார்த்தாள்,
பிறகு போய்க் கடலைப் பார்த்தாள்.

பத்தாம் நாள் ஓர் இழுவைப் படகு
சங்கிலி அறுந்து அலைந்த மிதவையை
இழுத்து வந்து துறையில் கவிழ்த்தது.
அடிவயிறு முழுக்க விரல் விரலாக,
அதே மாதிரி, அதே நகம்.
ஊரே கூடிச் சிரித்தது.
சபேலா கத்தியால் ஒன்றைச் சுரண்டி
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.
பங்காளிதான், என்றாள்,
விலை போகாது.