கழுவாத கரண்டி

பூர்க்டோர்ஃப், டிசம்பர். ஜன்னலுக்கு வெளியே எம்மே ஆறு
விளிம்பில் மட்டும் உறைந்திருக்கிறது.
குடுவையில் பொட்டாசியம் அயோடைடு, பெர்சல்ஃபேட்,
ஒரு துளி கஞ்சி.
கலந்தும் நிறமில்லை.

மோலுக்கு இருநூற்று எண்பத்துநான்கு கிலோஜூல் பள்ளம்.
எலெக்ட்ரான் இறங்கியே தீரும் என்கிறது என் கணக்கு.
எப்போது என்று
அதைக் கேட்கக் கூடாது.

ரெகுலா கழுவாத கரண்டியை விட்டுக் கலக்கினாள்.
அதில் ஒட்டியிருந்த இரும்பு உப்பு
சிட்டிகைகூட இராது.
சட்டென்று
நாவற்பழ நீலம்.

"கெட்டுவிட்டதா?"
இல்லை. பள்ளம் அதே ஆழம்தான்,
குறுக்கே கிடந்த வரப்பைத்தான் வெட்டிவிட்டாய்.

நான்கு வருஷமாய் ஒரே மேசை; என்னைக் 'கூகா' என்பாள்.
கரண்டியைத் துடைத்துக்கொண்டே
முழுப்பெயரைக் கேட்டாள்.

குகநேசன்.

சொல்லிப் பார்த்தாள்,
'நே'யில் கொஞ்சம் வழுக்கி.