இரண்டு நொடி

சாவியைப் பாதி திருப்பினால்
பின்சீட்டுக்கு அடியிலிருந்து வரவேண்டும்,
டப்பாவுக்குள் அடைத்த வண்டு போல
இரண்டே நொடி.
வந்தால் பெட்ரோல் ஏறுகிறது.
வராவிட்டால் இறங்கி நிற்க வேண்டியதுதான்,
குரங்குகளோடு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்
அடிவாரம் தாண்டும்வரை ஒரு குறையும் இருக்காது.
ஒன்பது, பத்து, பதினொன்று,
வளைவுப் பலகைகளை எண்ணிக்கொண்டே ஏறும்.
பதினான்காம் கொண்டை ஊசியில்
ஒரு விக்கல்.
இன்னொரு விக்கல்.
அப்புறம் டயர் உருளும் சத்தம் மட்டும்.
ஹேண்ட் பிரேக். பின்சக்கரத்துக்கு ஒரு கல்.
மிதுலா பின்சீட்டில் காதை அழுத்திப் படுத்திருப்பாள்.
நான் சாவியைத் திருப்ப,
'வரலம்மா' என்பாள்.
ஏழு மணிக்குள் அவள் ஹாஸ்டலில் இருக்கவேண்டும்.

நிற்கிற வண்டிக்கு வைத்தியர்கள் அதிகம்.
டெம்போக்காரர் ஏர்லாக் என்றார்.
பலாப்பழம் ஏற்றி இறங்கியவர் பெட்ரோலில் தண்ணீர் என்றார்.
புல்லட்டில் வந்த பையன்
'இத்தனை பழைய ஹோண்டா சிட்டிய எதுக்குக்கா வாங்கினீங்க'
என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான்.
இருபது நிமிடம் கழித்து
எவர் சொன்னதையும் மதிக்காமல்
அதுவே கிளம்பும்.

அஸ்தம்பட்டி குழந்தைவேலு
ஃபில்டர் மாற்றினார். ஃபியூஸ் மாற்றினார்.
பம்பையே மாற்றினார், ஏழாயிரத்து இருநூறு.
அவர் முன்னால் ஒருநாளும் அது நிற்கவில்லை,
இன்ஸ்பெக்‌ஷன் நாளில் வகுப்பு மாதிரி
அவ்வளவு ஒழுக்கம்.
உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை என்பதை
வேறு வார்த்தைகளில் சொன்னார்.
அடுத்த ஞாயிறு பதினான்கில் நின்றோம்.

அந்த இருபது நிமிடத்தில்தான் மிதுலா பேசுவாள்.
கணக்கு டீச்சரின் மூக்குத்தி தொலைந்தது,
பக்கத்துக் கட்டில் பெண் தூக்கத்தில் நடப்பது,
ராத்திரி ரசம்.
கீழே சேலத்தில் விளக்குகள் வரத்தொடங்க
நம்ம தெரு எது என்று சண்டை போடுவோம்.
அவள் காட்டுவது நிச்சயம் ஸ்டீல் பிளான்ட்.

சூரமங்கலம் தாஜுதீன் பானெட்டைத் திறக்கவேயில்லை.
'சூடானா நிக்குது, ஆறினா ஓடுது. சரியா?'
வீட்டுக்குள்ளிருந்து ஹேர் டிரையர் வந்தது.
'கோளாறு வரட்டும்னு காத்திருக்கக் கூடாதுங்க.
கூப்பிடணும்.'
ஸ்டீயரிங்குக்கு அடியில் தலைகீழாய்ப் படுத்து
கறுப்பு ரிலே ஒன்றின் மேல் ஊதினார், நான்கு நிமிடம்.
சாவி.
வண்டு இல்லை.

கழற்றி, மூடியைப் பிரித்து
கண்ணாடி வில்லையை என்னிடம் தந்தார்.
ஈயப் பொட்டைச் சுற்றி ஒரு வளையம்,
தலைமுடியில் பாதி.
எனக்கா தெரியாது?
பதினாறு வருஷமாகச் செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுக்குக் கண்ணி பற்றவைக்கிறேன்.
பொடி சரியாக ஓடாத இடம்
கையில் இருக்கும்வரை பிடித்திருக்கும்,
காலில் ஏறி நாலு நடை நடந்தால் விட்டுவிடும்.
'பத்து விட்டிருக்கு' என்றேன்.
நிமிர்ந்து பார்த்தவர்
சோல்டரிங் அயர்னை என்னிடமே நீட்டினார்.
மூன்று பொட்டு வைத்தேன்.
புகையில் குங்கிலிய வாசம்.
நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்,
டிரையர் ஓடின கரண்டுக்கு என்று.

இந்த ஞாயிறு
பன்னிரண்டு, பதின்மூன்று.
பதினான்கு.
விக்கல் இல்லை.
மிதுலா எழுந்து உட்கார்ந்து
பலகை பின்னால் போவதைப் பார்த்தாள்.
பதினைந்தில் கேட்டாள்,
'சரியாயிடுச்சாம்மா?'
'ம்.'
பதினேழு வரைக்கும் இஞ்சின் மட்டும் பேசியது.

ஓரம் கட்டி அணைத்தேன்.
சில்வண்டுகள்.
'காதை வை' என்றேன்.
சாவியைப் பாதி திருப்பினேன்.
'வருதும்மா' என்றாள்,
மார்க் குறைந்த பேப்பரை நீட்டும் குரலில்.

மணி ஆறு இருபது.
சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டேன்.
'அந்த மூக்குத்தி கெடச்சுதா?'